நாயனம் மூச்சு வாங்கும் இடம்

திங்கள் இரவு, எழும்பூர் நிலையம்

உழவன் எக்ஸ்பிரஸ் கிளம்ப இன்னும் 20 நிமிடம் இருக்கிறது. வயலின் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாளை காலையில் கும்பகோணம். அங்கிருந்து ஆறு நாள், நாயனம் என்கிற நாதஸ்வரம் வாசிப்பவர்களோடும் தவில்காரர்களோடும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன மார்கழியில் வயலினும் தவிலும் கடமுமாக ஒரு கச்சேரி வாசித்தோம். தவில் வாசித்தவர் குத்தாலம் பக்கத்துக்காரர். கச்சேரி முடிந்து மயிலாப்பூரில் ஒரு டீக்கடையில் நின்றபோது சொன்னார்: "விரல் சுத்தமா இருக்கு தங்கச்சி. ஆனா நீங்க மூச்சே விடமாட்டேங்கிறீங்க. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற எனக்கு மூச்சு முட்டுது."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. 18 வருடமாகப் பக்கவாத்தியம் வாசிக்கிறேன். பாடகர் ஒரு பிடியை, அதாவது ராகத்தின் ஒரு சின்னத் தொடரை, பாடி நிறுத்தினால், அதன் கடைசி ஸ்வரத்தைப் பிடித்து நீட்டி, அடுத்த பிடி வரும்வரை கொண்டுபோய் விடுவதுதான் எனக்குக் கிடைத்த பாடம். வில் இந்தக் கோடிக்குப் போனால் அந்தக் கோடிக்குத் திரும்பும். அதற்கு மூச்சு வாங்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் சொன்னதற்கு அப்புறம் என் பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். பாடகர்கள் விட்ட இடத்தையெல்லாம் நான் நிரப்பியிருந்தேன். ஓர் இடம்கூட மிச்சமில்லை.

போன் செய்தேன். "பங்குனியில வாங்க. எங்க ஐயாவோட ஒரு வாரம் சுத்துங்க. இதை வாயால சொல்லிக் குடுக்க முடியாது" என்றார். 'ஐயா' என்றது, 25 வருடமாக அவர் தவில் வாசித்துவரும் நாயனக்காரரை.

வண்டி நகர்கிறது. நாளை எழுதுகிறேன்.

செவ்வாய், நரசிங்கம்பேட்டை

கும்பகோணத்தில் அறையில் பையைப் போட்டுவிட்டு மயிலாடுதுறை பஸ் பிடித்தேன். திருவிடைமருதூர், ஆடுதுறை தாண்டினால் நரசிங்கம்பேட்டை. இரண்டு பக்கமும் சம்பா அறுத்த தாளுக்குள் உளுந்து காய் பிடித்து நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். தவில் அண்ணன் டிவிஎஸ் எக்ஸெல்லோடு நிறுத்தத்தில் காத்திருந்தார். ஐயா முன்பே பட்டறைக்குப் போய்விட்டாராம்.

பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு வீட்டின் பக்கவாட்டுக் கொட்டகை. வாசலில் பழைய உத்தரங்கள் அடுக்கிக் கிடந்தன. ஆணி பிடுங்கிய ஓட்டைகளோடு, ஒரு முனையில் சுண்ணாம்புப் பூச்சு ஒட்டியபடி. எல்லாம் ஆச்சா மரம். இடித்த வீடுகளிலிருந்து வாங்கி வருகிறார்கள். புது மரத்தில் நாயனம் கடைந்தால் ஊதுகிற காற்றும் எச்சில் ஈரமும் பட்டு விரிசல் விட்டுவிடும். பல காலம் ஒரு வீட்டைத் தாங்கிக் காய்ந்த மரம்தான் அசையாது. உத்தரத்தைக் கையால் தட்டிப் பார்த்தேன். கல்லைத் தட்டுவது போல இருந்தது.

உடல் பகுதிக்கு உலவு என்று பெயர். கீழே அகன்று விரிவது அணசு. மேலே, வாயில் வைத்து ஊதும் சீவாளியைச் செருகும் உலோகத் துண்டு கெண்டை. வாசிக்கும் துளைகள் 7. அதற்குக் கீழே இன்னும் 5 துளைகள் உண்டு, விரலுக்கு இல்லை. மெழுகு அடைத்தும் எடுத்தும் சுருதியைச் சரிசெய்துகொள்ள.

ஐயாவுக்கு 70 வயதிருக்கும். மெலிந்த உடம்பு. ஒரு புது நாயனத்தை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசாரி எதிரில் மணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். ஐயா ஒரு ஆரோகணம் வாசித்துவிட்டு, "மத்யமம் கொஞ்சம் தூக்குது" என்றார். ஆசாரி நாயனத்தை வாங்கி, துளையின் ஓரத்தை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார், ஊதித் தூசியைப் போக்கினார், திருப்பிக் கொடுத்தார். மறுபடி ஆரோகணம். மறுபடி அரம். இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல். நடுவில் இருவரும் பேசியது பத்து வார்த்தை இருக்காது. கடைசியில் ஐயா பேகடா ராகத்தில் மத்யமத்தைத் தொட்டு இறங்கினார். ஆசாரி கண்ணைத் திறந்து அரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று ஆசாரியிடம் கேட்டேன்.

"சட்ஜமும் பஞ்சமமும் ஊதிப் பார்ப்பேன். ராகம் வராது. ஐயா வாசிச்சாத்தான் நான் செஞ்சது என்னன்னு எனக்கே தெரியும்."

இந்த ஊருக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. பக்கத்துத் திருவாவடுதுறையில் இருந்த டி.என். ராஜரத்தினம் பிள்ளையும் இங்கே இருந்த ரங்கநாதன் ஆசாரியும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்பு எல்லோரும் வாசித்தது திமிரி. குட்டையானது, சுருதி உச்சத்தில் நிற்கும். பிள்ளைவாள் வாய்ப்பாட்டின் கனத்துக்கு நாயனத்தை இறக்க நினைத்தார். சுத்த மத்யமம் வில்லங்கமில்லாமல் நேராகப் பேச வேண்டும் என்று கேட்டார். ஆசாரி நீளத்தைக் கூட்டி, துளைகளின் இடத்தை மாற்றிச் செய்து செய்து பார்த்துக் கொடுத்ததுதான் இன்று எல்லோர் கையிலும் இருக்கிற பாரி நாயனம். நாம் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்று கொண்டாடுகிறோம். அந்தத் தோடிக்குள் ஒரு தச்சரின் காதும் இருக்கிறது. 2022-இல் நரசிங்கம்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு முதலில் அந்த மனிதரின் ஞாபகம்தான் வந்தது.

புதன், திருவாவடுதுறை

இன்று சீவாளி. சீவாளி இல்லாவிட்டால் நாயனம் வெறும் மரம்.

காவிரிக் கரையில் வளரும் கொறுக்கைத் தட்டையில் செய்கிறார்கள். வெட்டிக் காயப்போட்டு, நெல் அவிக்கும்போது அதோடு சேர்த்து அவித்து, பதம் வரும்வரை மாதக்கணக்கில் வைத்திருப்பார்களாம். அப்புறம் துண்டு போட்டு, ஒரு முனையைத் தட்டையாக்கி, மறு முனையை நூலால் இறுக்கிக் கட்டுவது. எனக்குச் செய்துகாட்டிய பெரியவருக்குக் கட்டைவிரல் நகம் ஒரு பக்கமாகத் தேய்ந்தே போயிருந்தது. அந்த நகத்தால் நெருடித்தான் கனம் பார்க்கிறார்.

ஐயா 30 சீவாளிகளை எடுத்தார். ஒவ்வொன்றாக வாயில் போட்டு ஊறவைத்து, நாயனத்தில் செருகாமல் சீவாளியை மட்டும் ஊதினார். வாத்து கத்துவது போல ஒரு சத்தம். அதில் அவருக்கு ஏதோ தெரிகிறது. "இது பேசும்", "இது பேசாது", "இது மழைக்காலத்துல பேசும்." முப்பதில் நான்கு தேறியது. மீதியைப் பெரியவர் வருத்தமில்லாமல் டப்பாவில் திரும்பப் போட்டுக்கொண்டார். "இவருக்குப் பேசாதது இன்னொருத்தருக்குப் பேசும்மா. உதடு வேற, பல்லு வேற, மூச்சு வேற."

மாலையில் கோமுத்தீசுவரர் கோயிலுக்குப் போனோம். திருமூலர் திருமந்திரம் பாடிய தலம் என்று சொல்லும் ஊர் இது. மூச்சைப் பற்றி அவ்வளவு எழுதியவர். பிராகாரத்தில் நடந்தபடி ஐயா ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றிப் பேசினார். 1898-இல் பிறந்து 1956-இல் போய்விட்டார். ஐயா நேரில் கேட்டதில்லை, அவருடைய அப்பா கேட்டிருக்கிறார். நாயனக்காரர் என்றால் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், பாடகரைப் போல மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்று நின்றவர் பிள்ளைவாள். "அவர் உட்கார்ந்தாரு, அதனால நாங்க உட்கார்றோம்" என்றார் ஐயா. அதைச் சொல்லும்போது தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் பேச்சும் வந்தது. பிள்ளைவாளின் ஆலாபனைக்கு அவர் தவில் வாசித்த விதத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் இன்னும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார்கள். ஆலாபனைக்குத் தவிலா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம். வாய்ப்பாட்டில் ராகம் பாடும்போது மிருதங்கம் சும்மா இருக்கும். நாயனத்தில் அப்படி இல்லை. தாளம் நிற்கும், ஆனால் ராகத்தின் பிடிகளுக்கு நடுவே தவில் பேசிக்கொண்டே இருக்கும். இதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

வியாழன், கும்பகோணம், ஒரு கல்யாண மண்டபம்

காலை 4 மணிக்கே செட்டு வந்துவிட்டது. இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு சுருதிப் பெட்டி, தாளத்துக்குத் தவில் அண்ணனின் மகன். பத்தாம் வகுப்புப் படிக்கிறான். முதல் பரீட்சைக்கு நான்கு நாள்தான் இருக்கிறது, இருந்தும் வந்திருந்தான். முன்பெல்லாம் சுருதிக்கு ஒத்து என்று தனி வாத்தியமே இருந்தது. ஒரே ஸ்வரத்தை நாள் முழுக்க ஊத ஓர் ஆள். அந்த வேலையை இப்போது கைப்பெட்டி அளவு மின்சாரப் பெட்டி செய்கிறது.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் ஜமக்காளம். எனக்கும் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். தவில் அண்ணன் கூடு மாட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். துணியைச் சுற்றிப் பசை தடவிக் காயவைத்த தொப்பிகள், கல் மாதிரி இறுகியவை. வலது கையின் ஒவ்வொரு விரலிலும் ஒன்றைச் செருகி, தரையில் தட்டி இறுக்கினார். இடது கையில் பூவரசங்கழி. வலந்தலை என்கிற வலது முகத்துக்குக் கூடு, தொப்பி என்கிற இடது முகத்துக்குக் கழி. பலா மரத்தைக் குடைந்த உடம்பு. அவருடைய தாத்தா காலத்துத் தவிலில் தோல் வார் இழுத்துக் கட்டியிருந்ததாம். இப்போது இரும்பு வளையமும் போல்ட்டும்.

காலையில் பௌளி வாசித்தார்கள். அப்புறம் கல்யாண மண்டபத்தின் சத்தம் எழுந்தது. வரவேற்பில் குழந்தைகள், ஒலிபெருக்கியில் யாரோ கார் எண்ணைச் சொல்லி வண்டியை எடுக்கச் சொல்கிறார், தலைக்கு மேலே படம் எடுக்கும் டிரோன். ஊஞ்சலுக்கு ஐயா நாட்டக்குறிஞ்சி எடுத்தார். அவ்வளவு பதமான நாட்டக்குறிஞ்சியை சபாவில் டிக்கெட் வாங்கிக் கேட்க ஆள் இருக்கிறது. இங்கே ஜமக்காளத்தைத் தாண்டி நடந்த ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவே ஒரு மாமா வந்து குனிந்து ஒரு சினிமாப் பாட்டின் பெயரைச் சொன்னார். ஐயா தலையசைத்து, ராகத்தை அழகாக முடித்துவிட்டு, அதையும் வாசித்தார். முழு மனதோடு.

கெட்டி மேளம் எனக்குப் பெரிய பாடம். புரோகிதர் விரலை உயர்த்தும் நொடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஐயா ஒரு பிடியின் நடுவில் இருந்தார். தவில் அண்ணன் புரோகிதரைப் பார்க்கவே இல்லை, முதுகு அந்தப் பக்கம். ஆனால் விரல் உயர்ந்த அதே கணம் இரண்டு தவிலும் வெடித்தன. "எப்படிண்ணே?" என்று பின்னால் கேட்டேன். பையன் தாளத்தைச் சட்டென்று இறுக்கினானாம். ஐயாவின் புருவம் ஏறியதாம். "நாலு பேருல யாராவது ஒருத்தர் பார்த்தாப் போதும், எல்லாரும் பார்த்த மாதிரிதான்."

பந்தியில் உட்கார்ந்தபோது ஐயாவிடம் கேட்டுவிட்டேன். யாருமே கேட்காத இடத்தில் அப்படி ஒரு நாட்டக்குறிஞ்சி வாசிக்க மனசு எப்படி வருகிறது?

அவர் ரசத்தைக் கையால் உறிஞ்சிவிட்டு, பக்கத்து இலையில் இருந்த தவில் அண்ணனைக் காட்டினார். "இவன் கேக்கறான்லம்மா. நான் ஒரு பிடி விட்டா, அது எங்க விழுந்துச்சுன்னு இவன் தவுலு சொல்லும். சரியா விழலைன்னாலும் சொல்லும். இவனுக்கு வாசிக்கிறேன். மத்தவங்க காதுல விழுந்தா சந்தோஷம்."

தவில் அண்ணன் தலை நிமிராமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

வெள்ளி, திருவாரூர்

இன்று வாசிப்பு இல்லை. தவில் அண்ணனும் நானும் பஸ்ஸில் திருவாரூர் போனோம். தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பிறந்த ஊர். "கோயில் ஐவேலி, குளம் ஐவேலி" என்பார்கள். கமலாலயக் குளத்தின் படியில் நின்றால் எதிர்க்கரை ஆட்கள் எறும்பாகத் தெரிகிறார்கள். ஆழித்தேருக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டி முடித்தால் 96 அடி என்றார் சாரத்தில் இருந்தவர்.

அண்ணன் என்னை இங்கே கூட்டி வந்தது பஞ்சமுக வாத்தியத்தைக் காட்ட. குடம் போன்ற ஒரே உலோக உடம்பு, அதில் ஐந்து வாய், ஐந்துக்கும் தோல். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நாதம். சாயரட்சை என்கிற மாலைப் பூஜையில் கேட்டோம். எனக்கு அதைவிட அவர் படியில் உட்கார்ந்து சொன்ன கதைதான் மனதில் நிற்கிறது.

தீட்சிதரின் சீடர்களில் சுத்தமத்தளம் தம்பியப்பன் என்று ஒருவர், இந்தக் கோயிலில் மத்தளம் வாசித்தவர். அவருக்குத் தீராத வயிற்று வலி. ஜாதகத்தில் குரு சரியில்லை என்று தீட்சிதர் வியாழன்மேல் அடாணாவில் ஒரு கீர்த்தனை செய்து, அவரைப் பாடச் சொன்னாராம். வலி தீர்ந்ததாம். நவக்கிரகக் கீர்த்தனைகள் பிறந்த கதையாகச் சொல்வது இது. "ஒரு மத்தளக்காரன் வயித்து வலிக்காக ஒரு பாட்டு. பாட்டு செய்யறவர் மேல, தாளம் போடுறவன் கீழன்னு நினைச்சிருந்தா அது நடக்குமா?" என்றார் அண்ணன். அவர் குரலில் கொஞ்சம் காரம் இருந்தது. அதற்கு அவருக்கு உரிமை உண்டு. மேடைகளில் அவரை ஓரத்தில் உட்காரவைத்ததை நானே பார்த்திருக்கிறேன். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததும் ஞாபகம் இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் அவருடைய காதுக்கருவியில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில். இணுவிலில் 1933-இல் பிறந்து, இங்கே வந்து தஞ்சாவூர்ச் சீமையே வாய் பிளக்க வாசித்து, 1975-இல் நாற்பது சொச்சம் வயதில் போய்விட்டவர். பழைய ஒலிநாடாவிலிருந்து எடுத்தது, இரைச்சல் அதிகம். அந்த இரைச்சலுக்குள்ளும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கோத்த பவழம் போல. அண்ணன் சொன்னார்: "வேகத்தைக் கேக்காதீங்க. நாயனம் வாசிக்கும்போது இவர் எவ்வளவு குறைவா வாசிக்கிறாருன்னு கேளுங்க."

நன்னிலம் வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

சனி, ஐயா வீட்டில்

அதிகாலை சாதகம். ஐயாவின் பேத்தி, 14 வயது, மாயாமாளவகௌளை ஊதினாள். கன்னம் உப்பாமல் அடிவயிற்றிலிருந்து ஊத வேண்டும் என்று ஐயா அவள் வயிற்றில் விரலை வைத்துக் காட்டினார். பெண் பிள்ளைக்கு நாயனமா என்று இந்தத் தெருவிலேயே கேட்டிருக்கிறார்கள். மதுரை பொன்னுத்தாயி அந்தக் காலத்திலேயே மேடை ஏறியவர். ஸ்ரீரங்கத்தில் ஷேக் சின்ன மௌலானாவிடம் கற்ற காலீஷாபி, கணவர் ஷேக் மெகபூப் சுபானியோடு ஜோடியாக வாசித்து, இருவருமே 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ வாங்கியவர்கள். பேத்தியின் பாடநோட்டு அட்டையில் அந்த ஜோடியின் படம் ஒட்டியிருந்தது.

மதியம் திண்ணையில் சாய்ந்தபடி ஐயா ஒரு விஷயம் சொன்னார். எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் இவருக்கும் தவில் அண்ணனுக்கும் மனஸ்தாபம். அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வேறு செட்டோடு வெளிநாடு போய்விட்டார். திரும்பி வந்த பிறகு, ஒப்புக்கொண்ட கச்சேரிகளுக்காக இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். எட்டு மாதம். ஒரே வேனில் போவார்கள், ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள், ஒரு வார்த்தை கிடையாது.

"வாசிப்பு நல்லாத்தான் இருந்துச்சு. கேக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியலை" என்றார் ஐயா. "ஆனா நான் இவனுக்கு இடம் விடமாட்டேன். ஒரு பிடி முடியறதுக்குள்ள அடுத்த பிடியை எடுத்துருவேன். மூச்சு முட்டும், நெஞ்சு வலிக்கும், விடமாட்டேன். இவன் என்ன செய்வான், நான் வாசிக்கும்போதே மேல ஏறி அடிப்பான்."

அப்போது அண்ணனின் பெரிய மகன்தான் தாளம். எட்டு வயது. ஒரு நாள் வீட்டில் சாப்பிடும்போது சொன்னானாம்: "அப்பா, நீங்க ரெண்டு பேரும் வேற வேற வீதியில வாசிக்கிற மாதிரி இருக்கு."

அப்புறம் ஒரு புறப்பாடு. இரண்டாவது நாயனத்துக்குக் காய்ச்சல், ஐயா தனி. மேல வீதியில் சுவாமி நிற்கும்போது சீவாளி பிளந்துவிட்டது. நாயனத்தின் கழுத்தில் எப்போதும் ஒரு கொத்து மாற்றுச் சீவாளியும் ஓர் ஊசியும் தொங்கும். ஒன்றை எடுத்துச் செருகினார். பேசவில்லை. இன்னொன்று. அதுவும் பேசவில்லை. கை நடுங்கியது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"ஒரு தவுல்காரனுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காதும்மா. நாயனம் இல்லை, வீதி முழுக்க ஜனம், தனி ஆவர்த்தனம் வாசிச்சுக் கிழிச்சிருக்கலாம். இவன் என்ன செஞ்சான் தெரியுமா? சாதாரண நடை. சர்வலகு. ஒரே மாதிரி, சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்ற மாதிரி. நான் கீழ உட்கார்ந்து ஊசியை விட்டு நெம்பிக்கிட்டிருக்கேன், இவன் என் தலைக்கு மேல நின்னு வாசிச்சுக்கிட்டே இருக்கான். பத்து நிமிஷம் இருக்கும். முடிச்சு வைக்கிற ஒரு தீர்மானம்கூட வைக்கலை. வச்சா நான் எழுந்துக்கணுமே."

நான் அண்ணனைப் பார்த்தேன். "எனக்கு வேற ஒண்ணும் தோணலை" என்றார். "ஐயா மூச்சு இல்லாம எனக்கு எங்க அடிக்கிறதுன்னே தெரியலை. அவர் மூச்சு எடுக்கிற இடம்தான் என் இடம். 25 வருஷமா இவர் கழுத்துக் குழியைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். அது உள்ள போகும், நான் வருவேன். அது மேல வரும், நான் போயிடுவேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆலாபனையில் தவில் ஏன் பேசுகிறது என்பது. காற்று வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு வீதியும் மணிக்கணக்கில் நடப்பவருக்கு மூச்சு வாங்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை ராகம் அறுந்துபோகாமல் வாங்கித் தருபவர் தவில்காரர். அந்த மூச்சுக்குள்தான் அவருடைய கலை முழுவதும் வளர்ந்திருக்கிறது. நான் 18 வருடமாகப் பக்கத்தில் இருப்பவர்களின் மூச்சை மூடிக்கொண்டு வாசித்திருக்கிறேன். அது அன்பு என்று நினைத்தேன். துணையாக இருக்கிறேன் என்று நினைத்தேன்.

உள்ளே போய் வயலினை எடுத்து, அண்ணனை உட்காரச் சொல்லி, பேகடா வாசித்தேன். ஒவ்வொரு பிடிக்கும் பிறகு வில்லைத் தந்தியை விட்டுத் தூக்கினேன். முதலில் அந்த நிசப்தம் பயமாக இருந்தது. அண்ணன் மடியில் இரண்டே சொல் தட்டுவார். அதற்குப் பிறகு வரும் பிடி, நான் யோசித்து வைத்திருந்த பிடியாக இல்லை. வேறாக வந்தது.

ஐயா திண்ணையிலிருந்து "ம்" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிறு, விடிந்தால் திங்கள்

குத்தாலம் பக்கத்தில் ஒரு சிறிய ஊர், பங்குனி உற்சவம், ரிஷப வாகனப் புறப்பாடு. காலையில் பையனைப் படிக்கச் சொல்லி வீட்டில் விட்டுவிட்டார்கள். நாளை முதல் பரீட்சை. தாளத்துக்கு வேறு பையனும் கிடைக்கவில்லை. ஐயா தாளத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். வெண்கலம், உள்ளங்கை அகலம், கனம். கயிறு பையனின் விரலுக்குப் பழகிக் கறுத்திருந்தது.

"முதல்ல மல்லாரி. நாங்க ஒண்ணாங் காலம், ரெண்டாங் காலம், மூணாங் காலம்னு எங்க வேணா போவோம். நீங்க தாளம் மாறாம வீட்டுலயே இருங்க" என்றார் அண்ணன்.

மல்லாரிக்குச் சொற்கள் இல்லை. கம்பீர நாட்டையில், சுவாமி புறப்படும்போது வாசிப்பது. தளிகைக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தேருக்கு ஒன்று என்று பல உண்டு. இன்று பெரிய மல்லாரி. இரவு 9:30-க்குக் கோபுர வாசலில் திரை விலகியது. தவில் முதலில் எழுந்தது. பிறகு இரண்டு நாயனங்களும் சட்ஜத்தில் ஒன்றாக இறங்கின. மேடைக்குக் கீழே உட்கார்ந்து இதைக் கேட்பது வேறு. அதன் நடுவில் நின்றால் காதால் கேட்க முடியாது. விலா எலும்பில் கேட்கிறது. ஐயாவின் விரல்கள் இரட்டித்து, மறுபடி இரட்டித்து ஓடின. நான் வீட்டிலேயே இருந்தேன். ஸ்ரீபாதம் தாங்குகிறவர்கள் வாகனத்தைத் தோளில் ஏற்றி முன்னும் பின்னும் ஆட்டியபோது, அவர்கள் கால் என் தாளத்தில் விழுவதைப் பார்த்தேன். கையில் ரோமம் சிலிர்த்தது.

தெற்கு வீதி திரும்பியதும் ஐயா கையைக் காட்டினார். தாளம் நின்றது. காம்போதி தொடங்கினார்.

எனக்கு வேலை இல்லை. ஜெனரேட்டர் வண்டி பின்னால் இரைகிறது, வாசல் வாசலாகக் கோலம், அர்ச்சனைத் தட்டு, தேங்காய் உடைக்கும் சத்தம். நான் ஐயாவின் கழுத்துக் குழியை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு பிடி தைவதத்தில் போய் நின்றது, நீண்டது, முடிந்தது. குழி உள்ளே போனது. தவில் இரண்டு சொல், மூன்று சொல், ஒரு சின்ன உருட்டல். குழி மேலே வந்தது. தவில் இல்லை. இப்படியே வீதி முழுவதும். ஒரு வீட்டு வாசலில் ஐயா மேல் சட்ஜத்தைப் பிடித்து நின்றுவிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. முடித்தபோது அண்ணன் ஒன்றுமே வாசிக்கவில்லை. கழியைத் தூக்கியபடி நின்றார். ஐயா மூச்சை இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. வாசலில் பாட்டி ஒருவர் கைகூப்பி நின்றிருந்தார், அவருக்கும் கேட்டிருக்கும். அப்புறம்தான் தவிலின் வலந்தலையில் ஒரே ஒரு விரல் விழுந்தது.

திருவந்திக்காப்பு எடுத்து, நீலாம்பரி வாசித்து, சுவாமி உள்ளே போகும்போது மணி 1:30. அண்ணன் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தகர டப்பாவில் போட்டார். ஐயா சீவாளியை எடுத்து வேட்டி நுனியில் துடைத்துக் கொத்தோடு சேர்த்துக் கட்டினார். யாரும் பேசவில்லை. வேனில் இருவரும் தோளில் தோள் சாய்ந்து தூங்கிவிட்டார்கள்.

அண்ணன் வீட்டுத் திண்ணையில் விளக்கு எரிந்தது. பையன் மடியில் தமிழ்ப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். வேன் நின்றதும் ஓடி வந்து என் கையிலிருந்து தாளத்தை வாங்கிக்கொண்டான்.

"என்ன மல்லாரிக்கா?"

"பெரிய மல்லாரி."

"தெற்கு வீதியில?"

"காம்போதி."

அவன் தாளத்தைச் சட்டையில் துடைத்தான். கயிற்றைத் தன் விரல் அளவுக்கு மறுபடி சுருக்கிக்கொண்டான். "சே" என்றான். "காம்போதியா."